புத்தளம் கரையில் பூக்கொடி: சாடியில் வளர்க்கும் முறை



இம்முறைப் பாடம் ஒரு பூக்கொடியைப் பற்றியது. பூக்கொடிக்கு ஒரு பாடமா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இதற்குள்ளே குடிதண்ணி வருகிறது, கைக்குழந்தை வருகிறது, டெங்கு நுளம்பும் வருகிறது. அதனால் கடைசி வரை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

நம்ம தோட்டங்களிலிருந்து புத்தளம் மாவட்டத்துக் கரைப் பக்கம் போய் இருக்கிறவர்கள் உண்டு. சிலாபம், மாரவில பக்கத்துத் தென்னந்தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்கள், பாலாவி உப்பளப் பக்கம் போனவர்கள், அங்கே கல்யாணம் கட்டிக் கொடுத்த பெண் பிள்ளைகள் இப்படி. முன்னேஸ்வரம் திருவிழாவுக்கும், உடப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கும், தலவில அன்னம்மாள் கோயிலுக்கும் போய் வருகிறவர்களும் உண்டு. போகும்போது சொந்தக்காரர் வீட்டுக்கு மலைநாட்டுப் பூச்செடி ஒன்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு போவது நம்ம ஆட்களுடைய பழக்கம். ஒரு மாதம் போனதும் டெலிபோன் வரும்.

"ஐயா, அம்மா நுவரெலியாவில இருந்து கொண்டாந்த கொடி இலையெல்லாம் கருகிப் போச்சு. என்ன மருந்து அடிக்கிறது?"

"மருந்து வேணாம் தங்கச்சி. செடிக்கு நோய் இல்ல. ஊர் ஒத்துக்கல."

ஏன் ஒத்துக்கொள்ளவில்லை, அதற்குப் பதிலாக எதை நடலாம், எப்படி நடலாம் என்பதுதான் பாடம்.

ஊர் ஒத்துக்காத கொடி

அதிகமாக ஆசைப்பட்டுக் கேட்கப்படுவது கிளமாட்டிஸ் என்ற கொடி. தட்டு மாதிரி விரிந்த ஊதா, வெள்ளை, ரோசாப் பூக்கள். உலகத்தில் இந்த இனத்தில் ஏறக்குறைய 300 வகை இருக்கிறது. பெரிய பூப் பூக்கிறவை சீனா, ஜப்பான், ஐரோப்பா பக்கத்துக் குளிர் நாட்டு வகைகளிலிருந்து வந்தவை. பழைய வகைகள் பத்துப் பன்னிரண்டு அடி ஏறும். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுக்கடலில் உள்ள கேர்ன்சித் தீவில் றேமண்ட் எவிசன் என்பவர் சாடிக்கு ஏற்ற கட்டை வகைகளை உருவாக்கினார். அவை மூன்று நான்கு அடியோடு நின்று, அடியிலிருந்து நுனி வரை பூக்கும். படத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் இந்தக் கொடிக்கு வருஷத்தில் கொஞ்சக் காலம் குளிர் வேண்டும். அந்தக் குளிரில் அது இலையை உதிர்த்துத் தூங்கி, பிறகு எழுந்துதான் பூக்கிறது. நுவரெலியாவில் வருஷச் சராசரி வெப்பம் சுமார் 16 பாகை செல்சியஸ். புத்தளத்தில் சுமார் 28 பாகை. அங்கே இராத்திரியிலும் இந்தக் கொடிக்குத் தூக்கம் கிடையாது. வேர் சூடேறி, ஒரு வருஷத்துக்குள்ளே செத்துப் போகும். பணம் கொடுத்துக் கரைக்குக் கொண்டு போக வேண்டாம் என்பதே என் முடிவு. கடைகளிலும் சந்தைகளிலும் வண்ணப் படம் ஒட்டின விதைப் பக்கட்டாக வருவதையும் நம்பி வாங்காதீர்கள். இந்தக் கட்டை வகைகள் விதையில் தாயைப் போல வருவதில்லை, தண்டிலிருந்துதான் கன்று எடுக்க வேண்டும். வி.பி. தேயிலை நாற்று மேடையில் வேலை செய்தவர்களுக்கு இது ஏன் என்று நான் சொல்லித் தரத் தேவையில்லை.

மேல்தோட்டங்களில் இருப்பவர்களுக்கு நல்ல கன்று கிடைத்தால் தாராளமாக நடலாம். ஒன்றரை அடி ஆழமுள்ள சாடி வேண்டும். கன்றுப் பையில் இருந்த மட்டத்தை விட இரண்டு மூன்று அங்குலம் ஆழமாக நடுங்கள். தலைக்கு வெயில் வேண்டும், காலுக்கு நிழல் வேண்டும். அடியில் உடைந்த ஓட்டுத் துண்டை வைத்து வேரை மூடிவிட்டால் போதும். தண்டை ஒடித்தால் வரும் சாறு தோலில் பட்டால் எரியும். கையைக் கழுவுங்கள், பிள்ளைகளைக் கடிக்க விடாதீர்கள்.

இந்தக் கொடிக்கு நம்ம நாட்டிலேயே ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் என்பது பலருக்குத் தெரியாது. தாழ்நாட்டுப் பற்றைக் காடுகளில் ஏறிப் படரும் ஒரு கொடி. சிங்களத்தில் நரவெல். ஒவ்வொரு இலையிலும் இரண்டு சிற்றிலைகள், மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் பற்றிப் பிடிக்கும் சுருள் கம்பி. விதைக்கு இறகு மாதிரி வால். 1747 இல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் இலங்கைச் செடிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் இங்கே வந்ததே இல்லை. அதற்கு எழுபது வருஷத்துக்கு முந்தி பாவுல் ஹெர்மன் என்ற டாக்டர் இங்கே சேர்த்துக் கொண்டு போன உலர்ந்த செடிகளை வைத்துத்தான் எழுதினார். பிறகு இந்தக் கொடியின் இனத்துக்கு நம்ம நாட்டுப் பெயரையே எடுத்து நரவேலியா என்று வைத்தார்கள். இப்போது பல அறிஞர்கள் இதையும் கிளமாட்டிஸோடு சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இது காட்டுக்கொடி. சாடிக்குள் அடங்காது, பூவும் சின்னது. காட்டில் இருக்கிறதைப் பிடுங்கிக் கொண்டு வர வேண்டாம்.

கரை மண்ணும் கிணறும்

எந்தக் கொடி என்று சொல்வதற்கு முன் கரையின் மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம்ம மலை மண் தண்ணியைப் பிடிக்கும், மிஞ்சினதை வடிக்க நாம் கான் வெட்டுகிறோம். கற்பிட்டித் தீபகற்பத்தில் நிலைமை தலைகீழ். முழுக்க மணல். ஒரு வாளி ஊற்றினால் பத்து எண்ணுவதற்குள் உள்ளே போய்விடும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் புத்தளம் களப்பு. நடுவில் உள்ள மணலுக்குள்ளே மழைத் தண்ணி இறங்கி, கடல் தண்ணிக்கு மேலே மிதந்து நிற்கிறது. கஞ்சிக்கு மேலே எண்ணெய் நிற்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணி பாரம் குறைவு, உப்புத் தண்ணி பாரம் கூட. கிணறு தோண்டினால் சில அடியிலேயே நல்ல தண்ணி கிடைப்பது இதனால்தான். மோட்டார் போட்டு அளவுக்கு மேல் இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வந்து கிணறு சவராகிப் போவதும் இதனால்தான்.

இன்னொரு விஷயம் இதைவிடப் பெரியது. மணலில் போடுகிற உரம் மணலில் நிற்காது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடுகிற யூரியா, தண்ணியோடு சேர்ந்து நேரே கிணற்றுக்குள் இறங்குகிறது. அது நைத்திரேற்று என்ற பொருளாக மாறிக் குடிதண்ணியில் கலக்கிறது. உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணி ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்று சொல்கிறது. கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில் அந்த அளவைத் தாண்டி இருப்பதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணியில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். அப்படிக் கண்டால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். தாய்மாரே, இதை நன்றாக மனதில் வையுங்கள்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணி வற்ற வற்ற அது இன்னும் கூடும். தாய்ப்பால் கொடுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அந்தக் கரையில் இதுவும் ஒரு காரணம். கிணற்றுத் தண்ணியில் சந்தேகம் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

பூக்கொடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு வீட்டுப் பூச்செடியால் கிணறு கெட்டுவிடாது, உண்மைதான். ஆனால் கிணற்றடியில்தான் எல்லாரும் பூச்செடி நடுகிறார்கள். தண்ணி தெளிக்கிற இடம் என்று அங்கேயே நட்டு, பூக்கவில்லை என்று அங்கேயே உரத்தைக் கொட்டுகிறார்கள். குடிக்கிற கிணற்றுக்கும் உரம் போடுகிற இடத்துக்கும் நாலு அடிதான். அதனால்தான் கரையில் சாடி வெறும் அலங்காரம் இல்லை என்கிறேன். போடுகிற எருவைச் சாடி தனக்குள்ளே வைத்துக்கொள்ளும், கீழே இருக்கிற உப்பையும் வேருக்கு வர விடாது.

சங்குப்பூ

கரைக்கு நான் சொல்கிற கொடி சங்குப்பூ. நீலக் காக்கணம் என்றும் சொல்வார்கள், சிங்களத்தில் கட்டரொலு. நீலமும் உண்டு, வெள்ளையும் உண்டு, அடுக்குப் பூவும் உண்டு. இதைக் கடையில் வாங்கத் தேவையில்லை. கோயில் வேலியில் ஒரு காய்ந்த காயைக் கேட்டு வாங்கினால் எட்டு விதை கிடைக்கும். வெயிலைத் தாங்கும். பருப்பு வகைக் குடும்பம் என்பதால் வேரில் உள்ள முடிச்சுகளில் தங்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கின்றன. ஆகவே யூரியா ஒரு துளியும் வேண்டாம். போட்டால் இலைதான் வரும், பூ வராது.

சாடி 12 அங்குல வாய் உள்ளதாக இருக்கட்டும். மண் சாடி என்றால் அந்தக் காற்றில் சீக்கிரம் காயும், கறுப்புப் பிளாஸ்டிக் என்றால் வெயிலில் வேரை வேக வைக்கும். சின்னச் சாடியைப் பெரிய வாளிக்குள் இறக்கி, இடைவெளியில் பொச்சு மட்டைத் துண்டுகளை அடைத்து விட்டால் இரண்டு தொல்லையும் தீரும். வாளிக்கும் சாடிக்கும் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். கலவைக்கு மண் ஒரு பங்கு, மக்கின மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. கடற்கரை மணலை எடுக்காதீர்கள், அதில் உப்பும் சிப்பித்தூளும் இருக்கும். தும்புத்தூளையும் அப்படியே போடக்கூடாது. மட்டையைச் சவர்த் தண்ணியில் ஊறப் போட்டு அடிக்கிற இடங்களில் தூளில் உப்பு ஏறியிருக்கும். நல்ல தண்ணியில் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று தடவை தண்ணி மாற்றிய பிறகு போடுங்கள். இதைச் சோம்பல்பட்டு விடுகிறவர்களுடைய செடிதான் இரண்டு இலையோடு நின்றுவிடுகிறது.

விதையின் தோல் கெட்டி. சிமெந்துத் தரையில் ஒரு பக்கத்தை இரண்டு தேய்த்து, இராத்திரி முழுக்கத் தண்ணியில் போட்டு வையுங்கள். காலையில் ஊதிப் பெருத்ததை எடுத்து அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். வேரைக் கிளப்பி மாற்றி நடுவதை இது விரும்பாது, ஆகவே இருக்கப் போகிற சாடியிலேயே நாலு விதை போட்டு, முளைத்த பிறகு நல்லது இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். முளைக்க ஒன்றிரண்டு வாரம். அதிலிருந்து இரண்டு இரண்டரை மாதத்தில் பூப் பார்க்கலாம்.

எந்த மாதம் போடுவது? இங்கேதான் மலைநாட்டுக் கணக்கை மறக்க வேண்டும். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை வீசுகிற தென்மேற்குக் காற்று நம்ம மேற்குச் சரிவு மலைகளுக்கு மழை. அதே காற்று புத்தளத்தில் வெறும் காற்று. கச்சான் என்பார்கள். மணலை வாரி அடிக்கும், இலையில் உப்பைப் பூசும். மாம்புரியில் காற்றாலை நிறுத்தி மின்சாரம் எடுக்கிறார்கள் என்றால் எப்படிப்பட்ட காற்று என்று பாருங்கள். அந்தக் கரைக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான், சித்திரையில் கொஞ்சம். ஐப்பசி மழை தொடங்கும்போது விதை போட்டால் தை பிறக்கும்போது பூ. கச்சான் காலத்தில் சாடியை வீட்டின் கிழக்குப் பக்கச் சுவரோரம் நகர்த்துங்கள், அல்லது தென்மேற்குப் பக்கம் ஒரு கிடுகைக் கட்டிவிடுங்கள். சாடியில் இருந்தால் இப்படி நகர்த்தலாம், நிலத்தில் இருந்தால் முடியுமா?

ஏறுவதற்கு நாலு கம்பு ஊன்றி உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள், மூன்றரை அடி போதும். கம்புக்குக் கிளிசீரியாவை வெட்டுகிறவர்கள் பட்டையை உரித்து நன்றாகக் காயப் போட்டு ஊன்றுங்கள். பச்சையாக ஊன்றினால் அது வேர் விட்டுத் துளிர்த்து, பூக்கொடிக்குப் போடுகிற சாப்பாட்டையெல்லாம் தின்றுவிடும். பார்க்கிறவர்கள் கிளிசீரியா வளர்க்கிறீர்களா என்றுதான் கேட்பார்கள்.

ஆறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கொழுந்து பறித்த கைக்கு இது ஒரு வேலையே இல்லை. கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை வந்து கொடி கட்டையாக, அடர்த்தியாக நிற்கும். பூத்து ஓய்ந்து தண்டு முற்றினதும் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குக் கவ்வாத்து வெட்டுங்கள். தேயிலைக்கு வருஷக் கணக்கில் ஒரு தடவை கவ்வாத்து, இதற்கு மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை. பூவைத் தினமும் சாமிக்குப் பறியுங்கள். பறிக்காமல் விட்டால் காய் பிடித்து, செடி பூக்கிறதை நிறுத்தும்.

தண்ணிக்கு வருவோம். விரலை ஒரு கணு அளவுக்கு மண்ணில் குத்திப் பாருங்கள், ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். மழைத் தண்ணி முதல் தரம். ஐப்பசி மழையில் கூரைத் தண்ணியை பீப்பாயில் பிடித்து மூடி வையுங்கள். அடுத்தது அரிசி கழுவின தண்ணி. கிணறு சவராக இருந்தால் அதையே தினமும் ஊற்றாதீர்கள். இலை ஓரம் தீய்ந்த மாதிரி வருவதும், சாடி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிவதும் உப்பு சேர்ந்ததற்கு அடையாளம். அப்போது அடி ஓட்டையால் தாராளமாக வழிந்து ஓடும் வரை மழைத் தண்ணியை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். மாதம் ஒரு கைப்பிடி மக்கின எரு போதும், வேறு சாப்பாடு கேட்காது.

இந்தப் பூவைக் காயவைத்து வெந்நீரில் போட்டால் நீலத் தேத்தண்ணி. தேசிக்காய் பிழிந்தால் ஊதாவாக மாறும். இப்போது கடைகளில் பக்கட்டில் கூட விற்கிறார்கள். ருசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, நம்ம தேயிலைக்கு இது போட்டியாக வராது. விதையையும் வேரையும் சாப்பிடக்கூடாது, வயிற்றால் போகும்.

சாடிக்கு அடியில் தட்டு வேண்டாம்

தட்டில் தேங்குகிற தண்ணியில் டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017 இல் இந்த நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு என்று பதிவானது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். முட்டை நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணியைக் கொட்டினால் மட்டும் சரிவராது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணி பட்டதும் பொரிக்கும். தட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் வாரம் ஒரு தடவை உரசிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் தட்டை மணலால் நிரப்புங்கள். மழைத் தண்ணிப் பீப்பாய்க்கும் துணி கட்டி மூடுங்கள்.

இந்தப் பூவைக் கொண்டு வராதீர்கள்

கரைப் பக்கத்து வேலிகளிலும் பற்றைகளிலும் கார்த்திகை மாதத்தில் சிவப்பும் மஞ்சளுமாக, நெருப்புச் சுவாலை மாதிரி ஒரு கொடி பூக்கும். கார்த்திகைப்பூ, சிங்களத்தில் நியங்கலா. இலை நுனியே சுருண்டு பற்றி ஏறும். சாடியில் வைத்தால் இதுவும் கட்டையாக அழகாகத்தான் நிற்கும். ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இது வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் மிக அதிகம். அந்தக் கிழங்கு பார்வைக்கு வற்றாளைக் கிழங்கு மாதிரி இருக்கும், மண்ணில் விளையாடுகிற பிள்ளை எடுத்துக் கடித்துவிடும். சாப்பிட்டவருக்கு வாந்தி, வயிற்றோட்டம் தொடங்கச் சில மணி நேரம் போகலாம். ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டில் வைத்துக் காத்திருக்காதீர்கள். நாட்டு மருந்து என்று ஒன்றையும் புகட்டாமல், கடித்த துண்டையும் கொடியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்தச் செடி என்று தெரிந்தால் டாக்டருக்கு நேரம் மிச்சம்.

விதை

சங்குப்பூக் கொடியில் இரண்டு மூன்று காயை மட்டும் பறிக்காமல் விடுங்கள். காய் பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே கலகலக்கும்போது பறிக்க வேண்டும். அதற்குப் பிறகு விட்டால் வெடித்து மணலில் சிந்தும். இரண்டு நாள் நிழலில் காயப் போட்டு, சுருங்கினதையும் ஓட்டை விழுந்ததையும் கழித்துவிட்டு, பேப்பரில் மடித்துப் பூவின் நிறத்தையும் மாதத்தையும் எழுதி ஒரு மூடின போத்தலில் போடுங்கள். வருஷத்துக்கு மேல் முளைப்புத் தாங்கும். அடுத்த ஆடியில் உடப்புப் பக்கம் போகிறவர்கள் செடிச் சாக்கைத் தூக்காமல் இந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். வெள்ளைப் பூ விதையை நீலத்துக்குப் பக்கத்தில் நட்டவர்கள் காய்களைத் தனித்தனியே பறித்து வையுங்கள், கலந்து போனால் விதையைப் பார்த்து நிறம் சொல்ல முடியாது.